கரையும் நிலத்திற்கு ஒரு கணக்கு

கண்ணுக்குத் தெரியாமல் நேரும் நஷ்டத்திற்கு யார் பொறுப்பு என்னும் கேள்வியை நம்மவர் அதிகமாக எழுப்புவதில்லை. பொருள் களவு போனால் கள்வனைத் தேடுகிறோம். வீடு தீப்பற்றினால் விளக்கைக் கவனியாது வைத்தவன் யார் என்று விசாரிக்கிறோம். ஆயின், ஆண்டுக்கு ஒரு முழம், இரண்டு முழமாக ஒரு பொருள் தேய்ந்துகொண்டே போகுமாயின் அதை நஷ்டமென்று ஒப்புக்கொள்ளவே நமது மனம் தயங்குகின்றது. 'காலம் அப்படி' என்றோ 'விதி' என்றோ ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது பழமொழி. கடல் குந்துவதுமில்லை, எழுந்து கை கழுவுவதுமில்லை; இராப்பகலாக நின்றபடியே தின்கின்றது.

கடலரிப்பைப் பற்றியும், அதை நெடுங்காலம் அளந்து வருவதைப் பற்றியும், அந்த அளவையினின்றும் பிறக்கும் நியாய அநியாயங்களைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகிறோம். இஃது இஞ்சினீயர்களின் விஷயமாயிற்றே, தோட்டத்துக் கிராணிக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். கிராணி வேலையாவது யாது? பெரட்டில் நின்ற ஆட்களின் பெயரைக் குறித்தல், மழைமானியில் தேங்கிய நீரை அளந்து ஏட்டில் ஏற்றல், மாத முடிவில் கூட்டிப் பார்த்தல், இவைதாமே. அவற்றுள் மழையேட்டைப் போலச் சலிப்பூட்டும் வேலை வேறொன்றில்லை. ஒரு நாள் பூஜ்யம், மறுநாள் பூஜ்யம், மூன்றாம் நாள் 40 மில்லிமீட்டர். அந்த 40-ஐப் பார்த்து எவரும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. இருபதாண்டு ஏட்டை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான், எந்த மாதத்தில் கன்று நடுவது, எந்த மாதத்தில் வாய்க்கால் வெட்டுவது என்பது புலனாகும். எழுதியவனுக்கு அதனால் பயனில்லை. அவனுக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவனுக்கே பயன். கடற்கரையை அளப்பவர்களின் தொழிலும் இத்தகையதே. ஆதலால் அவர்களைப் பற்றிப் பேச நமக்குச் சிறிது உரிமை உண்டென்றே கருதுகிறோம்.

இங்கிலாந்தின் கீழ்க்கரையில், யார்க்ஷயரைச் சேர்ந்த ஹோல்டர்நெஸ் என்னும் பகுதி உளது. வடக்கே ஃபிளாம்பரோ முனை. தெற்கே ஹம்பர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் ஸ்பர்ன் என்னும் மணல் நாக்கு. இடையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்திற்கு மண் செங்குன்று. பாறையன்று, பனியாறுகள் ஒரு காலத்தில் அரைத்துக் கொணர்ந்து கொட்டிய களிமண். மழையில் நனைந்து அது சரியும். சரிந்ததை அலை அள்ளிச் செல்லும். ஐரோப்பாவிலேயே மிக விரைவாகக் கரையும் கரைகளுள் இதுவும் ஒன்று. சராசரியாக ஆண்டொன்றுக்கு ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை போகின்றது. ரோமானியர் காலந்தொட்டுச் சில கிலோமீட்டர் அகலமுள்ள நிலமும், ஏறக்குறைய 30 ஊர்களும் நீருள் மறைந்தன என்பர். ஸ்பர்ன் முனையருகே ரேவன்சர் ஆட் என்றொரு வணிகப் பட்டினம் இருந்தது. பாராளுமன்றத்திற்குப் பிரதிநிதிகளை அனுப்பிய பட்டினம். 14ஆம் நூற்றாண்டில் அதைக் கடல் விழுங்கிவிட்டது. நமது காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை தோன்றாது. புதுமையாவது இதற்குப் பின் நடந்ததே.

1951-இல் தொடங்கி அங்குள்ள ஸ்தல ஸ்தாபனத்தார், கரை நெடுகிலும் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கம்பங்களை நட்டனர். குன்றின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வயலில் ஒரு கம்பம். ஆண்டுதோறும் ஓர் ஆள் சென்று, கம்பத்திற்கும் விளிம்பிற்கும் இடையே எத்தனை மீட்டர் மிச்சமிருக்கின்றதென்று அளந்து எழுதி வந்தான். விளிம்பு கம்பத்தை நெருங்கிவிட்டால் பழைய கம்பத்தை விடுத்து, இன்னும் உள்ளே புதிய கம்பம் நடப்படும். கணக்கு அறாது தொடரும். நூற்றுக்கு மேற்பட்ட கம்பங்கள். பிற்காலத்தில் செயற்கைக் கோள்களின் துணையால் இடமறியும் கருவிகள் வந்தன. விமானத்திலிருந்து ஒளிக்கதிரைப் பாய்ச்சிக் கரையின் உருவம் முழுவதையும் அளக்கும் முறையும் வந்தது. அவற்றோடு 1850-களில் வரையப்பட்ட நில அளவைப் படங்களையும் ஒப்பிட்டு, நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கை இன்று அவர்கள் கையில் வைத்திருக்கின்றனர்.

இவ்வளவு பழைய கணக்கு எதற்கு, ஐந்தாண்டு அளந்தால் போதாதா என்று கேட்பவர்களுண்டு. போதாது, காரணம் சுவையானது. ஹோல்டர்நெஸ் கரையில் மணல் ஒரே சீராகப் பரந்து கிடப்பதில்லை. சில இடங்களில் மணல் தாழ்ந்து, அடியிலுள்ள களிமண் தரை வெளிப்பட்டுக் கிடக்கும். அவ்விடங்களை அந்நாட்டார் 'ஆர்ட்' என்று வழங்குகின்றனர். மணலின் காப்பு இல்லாமையால் அங்கே அலை நேரே குன்றின் காலில் மோதும், அரிப்பு பன்மடங்காகும். இந்த ஆர்ட் ஓரிடத்தில் நில்லாது. ஆண்டுக்குச் சராசரி அரைக் கிலோமீட்டர் வீதம் அது தெற்கே நகர்ந்துகொண்டே போகும். ஆகவே, ஒரு குடியானவனின் வயலோரத்தில் சில ஆண்டுகள் ஒரு சாண் நிலமும் போகாதிருக்கும். 'கடல் நம்மை விட்டுவிட்டது' என்று அவன் மகிழ்ந்திருப்பான். பிறகு ஆர்ட் வந்து சேரும். ஒரே குளிர்காலத்தில் பத்து மீட்டருக்கு மேல் சரிந்துவிடுவதும் உண்டு. நல்ல ஆண்டுகளில் மட்டும் அளந்தவன் அவனுக்கு வீடு கட்ட யோசனை சொல்லுவான். கெட்ட ஆண்டில் மட்டும் அளந்தவன் அவனை உடனே வெளியேற்றச் சொல்லுவான். இருவர் நாடாவும் சரியான நாடாவே. இருவர் எழுதிய எண்ணும் மெய்யே. எனினும் இருவரும் பொய் சொன்னவர்களாகின்றனர். மெய்யான எண்களைக் கொண்டு பொய் சொல்லக்கூடும் என்பதைக் கணக்கெழுதும் நாம் அறியாததன்று. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிப்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை ஒருவன் கையிலிருந்தால், அவன் விரும்பிய விடையைப் பெற்றுவிடுவான்.

சராசரிக்கும் ஒரு குற்றம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மீட்டர் என்பது நெடுங்காலக் கணக்கு. எவருடைய வீடும் ஆண்டுக்கு இரண்டு மீட்டர் வீதம் மெல்ல விழுந்ததில்லை. ஓரிரவில் சமையற்கூடம் போகும். மறு வாரம் சுவர் போகும். எண்ணைப் படித்தவன் அமைதியாயிருக்கிறான்; அறையைப் பறிகொடுத்தவன் உறக்கமிழக்கிறான். அளவை வேண்டும் என்று வாதிக்கும் நாமே இதையும் சொல்லியாக வேண்டும்.

இனி நமது கேள்விக்கு வருவோம். இதே கரையில் மேப்பிள்டன் என்று ஒரு சிற்றூர். ஏறக்குறைய 50 வீடுகள். கரையை ஒட்டி வடக்கும் தெற்கும் செல்லும் ஒரு சாலை. சாலைக்கும் ஊருக்கும் கடல் மிக அண்மையில் வந்துவிடவே, 1991-இல் ஏறத்தாழ 20 இலட்சம் பவுன் செலவில் கருங்கற்களைக் கொணர்ந்து, கடலுக்குள் நீளும் இரண்டு கல்லணைகளைக் கட்டினர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இத்தகையவற்றைத் தூண்டில் வளைவு என்பர். குன்றின் காலிலும் கல் அடுக்கினர். ஊர் பிழைத்தது. வடக்கிலிருந்து தெற்கே கரையோரமாக ஓடும் மணல் அந்த அணைகளில் தங்கி, மேப்பிள்டனுக்கு முன்னே அகன்ற மணற்பரப்பு உண்டாயிற்று.

மணல் எங்கிருந்தோ முளைப்பதில்லை. இங்கே தங்கிய மணல், தெற்கேயுள்ள கௌடனுக்குப் போய்ச் சேரவேண்டிய மணல். அது வராமற்போகவே அங்கே குன்றின் காலுக்குக் காப்பு குறைந்தது. அரிப்பின் வேகம் கூடிற்று. 1990-களில் அங்கிருந்த ஒரு பண்ணையின் வீடும் கொட்டிலும் கடலுக்கு இரையாயின. இங்கிலாந்தில் கடலரிப்பால் வீடிழந்தவனுக்கு நஷ்டஈடு பெறும் சட்டவுரிமை இன்றுவரை இல்லை. வீட்டை இடித்து அகற்றும் செலவுக்கு ஒரு சிறு உதவித்தொகை மட்டும் கிடைக்கும்.

ஐம்பது வீடுகளைக் காக்க ஒரு பண்ணை போனால் அது நியாயமா? கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்கள் நியாயமே என்பர். மேனாட்டு அறநூலாருள் ஒரு சாரார் 'மிகப் பலருக்கு மிகுந்த நன்மை' என்பதையே அறத்தின் அளவுகோலாகக் கொண்டவர்கள். அவர்கள் துணிவாகக் கையெழுத்திடுவார்கள். நமக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. பண்ணைக்காரனிடமிருந்து ஐம்பது வீட்டாரும் நேரே சென்று ஒரு கல்லையோ ஓர் ஆட்டையோ எடுத்திருந்தால், ஐம்பது பேருக்குப் பயன்பட்டது என்பதால் அது களவாகாமற் போகுமோ? மணலை எடுத்தபோது மட்டும் ஏன் வேறு நியாயம்? மணலுக்கு உடையவன் இல்லை, அது ஓடும் பொருள் என்று விடை வரலாம். வாய்க்கால் நீரும் ஓடும் பொருள்தான். மேல்மடைக்காரன் முழுவதையும் தேக்கிக்கொண்டால் கடைமடைக்காரன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான்; பஞ்சாயத்தாரும் அவன் பக்கம் நியாயம் உண்டென்றே சொல்லுகின்றனர். கடலோர மணலுக்கும் மேல்மடை, கடைமடை உண்டு. அதைக் காண்பதற்கு நெடுநாள் ஆயிற்று என்பதே வேற்றுமை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையன்று. கௌடனில் அணை கட்டுவதற்கு முன்பும் கடல் தின்றுகொண்டுதான் இருந்தது. பண்ணை என்றைக்கேனும் போகத்தான் போகிறது. சாகப்போகிறவனைத் தள்ளிவிட்டதாகக் குற்றஞ்சாட்டுவது எங்ஙனம்? வாதம் வலிமையுடையது. இவ்விடத்தில்தான் 1951-இல் நட்ட கம்பங்கள் சாட்சி சொல்ல வருகின்றன. அணை கட்டுவதற்கு முன் நாற்பதாண்டு அக்கரை எவ்வளவு வேகத்தில் போயிற்று; கட்டிய பின் எவ்வளவு வேகத்தில் போகின்றது; இரண்டிற்கும் உள்ள வேற்றுமையில் ஆர்ட் நகர்ந்ததன் பங்கு எவ்வளவு, புயலின் பங்கு எவ்வளவு, கல்லணையின் பங்கு எவ்வளவு? முன்கணக்கு இல்லாவிடின் இக்கேள்விகளைக் கேட்கவும் முடியாது. எல்லாவற்றையும் கடலின் தலையில் போட்டுவிடலாம். கடல் நீதிமன்றத்திற்கு வந்து மறுத்துப் பேசாது. முன்கணக்கு இருக்குமாயின், கடல் எடுத்தது இவ்வளவு, மனிதன் எடுத்தது இவ்வளவு என்று பிரிக்க ஒரு வழி பிறக்கின்றது. பிரித்த அளவு துல்லியமாக இராது. வல்லுநர்களே அதில் வேறுபடுகின்றனர். ஆயினும், விதியென்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கிடந்ததை அவிழ்த்து, அதற்குள் மனிதன் கைப்பட்ட பங்கும் உளது என்று காட்டியது அந்த ஏடு. சுவர் கட்டுகிறவன் கையில் அளவைநாடா இருத்தலாகாது என்பதும், சுவருக்கு முன்பே நாடா வந்திருக்க வேண்டும் என்பதும் நமது துணிபு.

யார்க்ஷயர்க் குடியானவனைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று ஒதுக்குபவர்களுக்குச் சென்னையை நினைவூட்டுவோம். நம்முள் மிகப் பலருடைய பாட்டனாரும் பூட்டனாரும் அந்தத் துறைமுகத்திலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி வந்தவர்கள். 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் கண்கலங்கும் முதியவர்கள் நம் குடும்பங்களில் உளர். சென்னையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. முன்னாளில் கப்பல் தூரத்தில் நிற்க, மசூலாப் படகில் ஏறி அலையோடு போராடியே செல்லவேண்டும். 1875-இல் அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் இரண்டு பெருஞ்சுவர்களை நீட்டினர். 1881-இல் புயலடித்து அவற்றின் பெரும்பகுதியைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினர்.

சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது. தென்மேற்குப் பருவக் காலத்து அலைகள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கனமீட்டர் மணலை அங்ஙனம் நகர்த்துகின்றன. துறைமுகச் சுவர் அதற்குக் குறுக்கே நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்கு அருகே மோதிய கடல் விலகிச் சென்றது. சேப்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் முன்னே அகன்று விரிந்து, சென்னைக்கே பெருமையாக விளங்கும் மெரீனா மணல்வெளி அவ்வாறு வளர்ந்ததே. அங்கே காற்று வாங்கியவர்களும், கூட்டம் போட்டுப் பேசியவர்களும், சுண்டல் தின்றவர்களும் எத்தனை கோடி! சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரையில் உள்ள மீனவக் குப்பங்களுக்கு மணல் வரவில்லை. கடல் வந்தது. வலை உலர்த்திய இடம் போயிற்று. படகு ஏற்றிய இடம் போயிற்று. குடிசை வரிசைகள் போயின. கற்களைக் கொட்டினர், தூண்டில் வளைவுகளை அமைத்தனர். கல் கொட்டிய கரையில் அலை வீட்டுக்குள் வாராது என்பது மெய். படகை இழுத்து ஏற்றவும் இடம் இராது என்பதும் மெய்.

மெரீனாவில் உலாவுபவன் குற்றவாளியா? அல்லன், அவன் அறியான். துறைமுகத்தில் கப்பலேறிய நம் முன்னோரும் அறியார்கள். ஆயின் குற்றம் வேறு, கடன் வேறு. செக்ரோலில் ஒரு நாள் பேர் தவறிப்போய், முனியனுடைய கூலி மாரியப்பன் கணக்கில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாரியப்பன் திருடனல்லன், கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். அவனை எவரும் ஏசமாட்டார்கள். ஏட்டைப் புரட்டிக் காட்டிய பிறகும் 'நான் எடுக்கவில்லையே' என்று அவன் மடியை இறுக்கிக்கொள்வானாயின், அன்று தொட்டு அவன் நிலை வேறாகிவிடுகின்றது. அளவை வருவதற்கு முன் மெரீனா ஓர் இயற்கைக் கொடை. அளவை வந்த பின் அதில் ஒரு பங்கு ராயபுரத்தானின் பற்றுவரவுக் கணக்கில் உளது. அறிவு வளருமளவும் கடனும் வளர்கின்றது. சிலர் அறிவை வெறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இனி நாம் வாழும் நாட்டைப் பார்ப்போம். மலேசியாவில் 1980-களின் நடுவில் நாடு தழுவிய கடலரிப்பு ஆய்வு ஒன்று நடைபெற்றது. 4,800 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கரையில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிக்கப்பட்டு வருவதாக அது கண்டது. அரிக்கப்படும் இடங்களை மூன்று வகுப்பாகப் பிரித்தனர். முதல் வகுப்பு, உடனே காக்க வேண்டிய அபாய நிலை. இரண்டாவது, கவனிக்கத்தக்க நிலை. மூன்றாவது, 'ஏற்கத்தக்க' நிலை. நேயர்கள் இந்த மூன்றாம் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கடல் அங்கே மெதுவாகத் தின்கின்றது என்பது இதன் பொருளன்று. கரைக்குப் பின்னே சாலையில்லை, கட்டடமில்லை, பெரிய முதல் இல்லை. ஆகவே போனாலும் பெரிய நஷ்டமில்லை என்பதே பொருள். அலையின் வேகத்தை அளந்த கை, அதே மூச்சில், அலைக்குப் பின்னால் இருப்பவற்றின் விலையையும் அளந்துவிட்டது. முன்னது இயற்கை நூல். பின்னது நமது தீர்ப்பு. ஒரே பட்டியலில் இரண்டையும் எழுதினால் தீர்ப்பும் இயற்கையைப் போலத் தோற்றம் கொள்ளும்.

பணம் அளவுள்ளது, எல்லாக் கரைக்கும் சுவர் எழுப்ப முடியாது, ஏதேனும் ஒரு வரிசை வேண்டாமா என்று அதிகாரிகள் சொன்னால் அதை மறுக்க நாம் முன்வரவில்லை. வரிசை வேண்டும். அன்றியும், எல்லா இடத்திலும் சுவர் எழுப்புவது அறிவுடைமையும் ஆகாது. ஹோல்டர்நெஸ் கரையில் கரைந்த மண்தான் ஸ்பர்ன் முனைக்கும் ஹம்பர்ச் சேற்று நிலங்களுக்கும் உணவு. அங்கே முழுவதையும் அடைத்தால் இங்கே பட்டினி. ஆனால் 'ஏற்கத்தக்கது' என்னும் சொல்லுக்கு எழுவாய் எங்கே? ஏற்பவர் யார்? நான்கு தென்னையும் ஒரு படகும் உடையவனுக்கு அந்த நான்கும் ஒன்றுமே முதல். பட்டியலில் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அவன் வாழ்க்கையில் அது நூற்றுக்கு நூறு. லயத்து வீட்டுக்கு முன்னே ஒரு முருங்கையும் கோழிக் கூண்டும் வைத்திருந்து, தோட்டம் கைமாறியபோது அவற்றுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை என்று கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கிழக்குக் கரையில் கோலத் திரெங்கானு விமான நிலையத்தின் ஓடுபாதையை 2000-களின் பிற்பகுதியில் கடலுக்குள் நீட்டினர். அதற்கு வடக்கே தோக் ஜெம்பால் கிராமத்தருகே கரை கடுமையாக அரிக்கப்பட்டது. மேப்பிள்டன் கதையும் சென்னைக் கதையும் மூன்றாம் முறையாக நடந்தன என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மேற்குக் கரை வேறு வகை. அங்கே மணலைவிடச் சேறே அதிகம். சேற்றின்மேல் பக்காவ் காடு. அதற்குப் பின்னே மண்ணணை. அணைக்குப் பின்னே கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்த நிலத்தில் செம்பனையும் தென்னையும். கேரித் தீவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அலையின் வேகத்தை ஆற்றுவது அணையன்று, காடு. காடு அழியும்போது அது பின்வாங்கி மீண்டும் முளைக்க உள்ளே இடம் வேண்டும். அணை அந்த இடத்தை மறித்து நிற்கின்றது. கடலுக்கும் அணைக்கும் இடையே நெருக்குண்டு காடு மெலிகின்றது. முடிவில் அணையே அலைக்கு முகங்கொடுக்க வேண்டியதாகின்றது. பின்னர் அணையை உள்ளே தள்ளிக் கட்டலாம். அதாவது சில ஏக்கர் செம்பனையைக் கடலுக்கு எழுதிக் கொடுக்கலாம். எவரும் விரும்பிக் கையெழுத்திடாத பத்திரம் அது.

நமது நண்பர் ஒருவர், கற்றவர், கடலோரத்தில் சிறிது நிலமும் உடையவர், இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, 'அளப்பதனால் ஓர் அலையாவது நிற்கப்போகிறதா? இந்த இடம் ஆண்டுக்கு மூன்று மீட்டர் போகிறது என்று நீர் அச்சிட்டுவிட்டால், என் நிலத்தை நாளை எவன் வாங்குவான்? கடல் இருபது ஆண்டில் எடுப்பதை உமது ஏடு ஒரே நாளில் எடுத்துவிடுமே' என்றார். இது சிரித்து ஒதுக்கத்தக்க வார்த்தையன்று. இங்கிலாந்தில் இப்போது அரிப்பபாயத்தைக் காட்டும் படங்களை அரசாங்கமே எவரும் காணும்படி வெளியிடுகின்றது. 20 ஆண்டு, 50 ஆண்டு, 100 ஆண்டு என்று முக்காலமும் பகுத்து, இவ்விடத்தில் கரையைக் காப்போம், இவ்விடத்தில் உள்ளே தள்ளிப்போவோம், இவ்விடத்தில் ஒன்றும் செய்யமாட்டோம் என்று திட்டமும் வகுத்திருக்கின்றனர். 'ஒன்றும் செய்யமாட்டோம்' என்று கோடிட்ட ஊரில் வீட்டை விற்பவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எனினும் நண்பரை நாம் மறுத்தே கூறினோம். எண்ணை மறைப்பதால் நஷ்டம் மறையாது; ஆள் மாறுகின்றது, அவ்வளவே. அவர் தப்புவார், அவரிடம் வாங்குகிற எவனோ ஓர் அப்பாவி அகப்படுவான். அவன் பெரும்பாலும் அவரைவிட ஏழையாகவும், விசாரிக்க வகையறியாதவனாகவும் இருப்பான். விலை மலிவாயிருக்கிறதே என்று வந்தவன் அல்லவா? ஆகவே எண் வெளிவரத்தான் வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் வெளியிட்டு, 'இனி உம் பாடு' என்று கதவைச் சாத்தும் அரசாங்கம் பாதிக் கடமையே செய்ததாகும். கரையில் ஓர் இடத்தைக் காப்பதும் மற்றோர் இடத்தை விடுவதும் பொதுநன்மைக்கென்று முடிவு செய்தால், விட்ட இடத்தாரின் நஷ்டமும் பொதுப் பெட்டியிலிருந்தே வரவேண்டும். காத்த இடத்தின் வரியில் ஒரு பங்கு விட்ட இடத்துக்குப் போகட்டுமே. மேப்பிள்டனின் 50 வீட்டாரும் ஆளுக்குச் சிறிது கொடுத்திருந்தால் பண்ணைக்காரனுக்கு உள்ளே ஒரு வீடு எழும்பியிருக்கும். நண்பர் இதற்கு விடை சொல்லவில்லை. அரசாங்கம் அப்படிக் கொடுக்கும் நாளில் அச்சிடலாம் என்று மட்டும் சொன்னார். அவர் பக்கமும் சிறிது நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அளக்கும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கடலோரத் தோட்டங்களில் வேலை செய்யும் நம்மவருக்கு அது பயன்படும். இப்போது செயற்கைக் கோள்கள் எடுத்த படங்கள் 1970-கள் முதல் கிடைக்கின்றன. அவற்றை அடுக்கிப் பார்த்து நாடு முழுவதுக்கும் கணக்கிடுகின்றனர். ஆயின் நெடுங்காலமாக வரும் அப்படங்களுள் பெரும்பாலானவற்றில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் சதுரம். ஒரு வீடும் முற்றமும் அந்தப் புள்ளிக்குள் அடங்கிப்போகும். தரையில் நின்று அளப்பவனுக்கு இன்னும் வேலை இருக்கின்றது.

நமது மேற்குக் கரையில் தண்ணீர் நிற்கும் கோட்டை அளப்பது வீண். கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 4 மீட்டர் வேற்றுமை உண்டு. சாய்வில்லாத சேற்றுத் தரையில் அந்த 4 மீட்டர், நீரை நெடுந்தூரம் கொண்டுபோய்க் கொண்டுவந்துவிடும். காலையில் அளந்தவனும் மாலையில் அளந்தவனும் சண்டையிட்டுக்கொள்வார்கள். ஆகவே காட்டின் கடற்பக்கத்து ஓரத்தில் உயிரோடு நிற்கும் கடைசி மரவரிசையைக் குறியாகக் கொள்ளவேண்டும்; காடு இல்லாத இடத்தில் அணையின் கடற்பக்கத்து அடியைக் கொள்ளலாம். அணைக்கு உள்ளே, எவரும் பிடுங்காத இடத்தில் ஒரு கம்பம். கம்பத்திலிருந்து எந்தத் திசையில் அளப்பது என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடவேண்டும். இல்லையேல் அடுத்த கிராணி குறுக்கு வழியில் அளந்து, நிலம் வளர்ந்துவிட்டதென்று எழுதிவிடுவான். அளந்த நாள், நேரம், அளந்தவர் பெயர், அந்த ஆண்டில் அணையில் கல்லோ மண்ணோ கொட்டியிருந்தால் அதன் விவரம் ஆகியவற்றையும் பக்கத்திலேயே குறிக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், அரை நாள் வேலை. ஏட்டின் ஒரு படி தோட்டத்து அலுவலகத்திலும், மற்றொரு படி அதற்கு வெளியே, பள்ளிக்கூடத்திலோ வாசகசாலையிலோ இருக்கட்டும். தோட்டங்கள் கைமாறும்போது பழைய ஏடுகள் எங்கே போகின்றன என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.